படகேறி வரும் பிள்ளைக்குப் பாதீட்டில் ஒரு வரி

நெடுந்தீவில் ஒரு பிள்ளை துஷ்பிரயோகத்துக்கு ஆளாகி, விஷயம் வழக்காகிவிட்டது என்று வையுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் தாயும் பிள்ளையும் விடியமுன் எழும்பி இறங்குதுறைக்கு வரவேண்டும். குறிகாட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பிறகு பஸ் பிடித்து ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றம். வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனால் யாழ்ப்பாணம் வரை ஓட்டம். தவணை தள்ளிப்போனால் அதே வழியால் திரும்ப வேண்டியதுதான். தாய்க்கு அன்றைய கூலி போச்சு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போச்சு.

இந்த ஒரு நாள் செலவை யார் பொறுப்பது? அதைத் தேடிப் போனால்தான் சிறுவர் பாதுகாப்புக்கான அரச பணம் எங்கெங்கே கிடக்கிறது என்று விளங்கும்.

பெரும்பங்கு கொழும்பில். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, அதன் 1929 தொலைபேசிச் சேவை, பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகம் எல்லாம் மத்திய அரசின் காசில் நடப்பவை. நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 13ஆவது திருத்தத்தோடு மாகாணத்தின் கைக்கு வந்தன. சிறுவர் இல்லங்களின் மேற்பார்வையும் அங்கேதான். ஆனால் வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தலே வைக்கப்படவில்லை. நன்னடத்தைத் திணைக்களத்துக்கு ஏன் இவ்வளவுதான் என்று சபையில் எழுந்து கேட்க, நாங்கள் தெரிவுசெய்த ஒருவரும் அங்கே இல்லை.

கேட்கக்கூடிய ஆட்கள் இருப்பது உள்ளூராட்சியில். யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். 2025 மே தேர்தலில் தெரிவானவர்கள் அவற்றில் இருக்கிறார்கள். சோலைவரி, சந்தைக் குத்தகை, கடை வாடகை என்று சபைக்கு வருமானம் வருகிறது. காணி கைமாறும்போது முத்திரைத் தீர்வையும், எல்லைக்குள் விதிக்கப்படும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் ஊடாக வந்து சேர்கின்றன. இந்தத் தண்டப்பணத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். தவறு செய்தவர்களிடம் அறவிட்ட காசு அது. அதில் வீதி போடலாம், வாய்க்கால் வெட்டலாம். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கென்று அதில் ஒரு சதமாவது ஒதுக்கு என்று எந்தச் சட்டமும் சபையைக் கட்டாயப்படுத்தவில்லை.

“அது எங்கள் வேலையில்லை” என்ற பதில் உடனே வரும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். சுகாதாரத்தோடும் வீதிகளோடும் சேர்த்து, மக்களின் நலனைப் பேணுவதும் சபையின் கடமை என்றுதான் எழுதியிருக்கிறது. பிள்ளை மக்களில் சேர்த்தி இல்லையா? பக்கத்துக் கேரளத்தில் உள்ளூராட்சி அமைப்புகள் திட்ட நிதியில் 5 வீதத்தைப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கென ஒதுக்கும் வழக்கம் இருக்கிறது. எங்களுக்கும் அப்படியொரு விதி வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நட்டஈடும் பாதுகாப்பும் கேட்கலாம். அதற்கான அதிகார சபை இருப்பது தெற்கில். விண்ணப்பத்தை நிரப்ப, அலுவலகம் அலுவலகமாய் அலைய, ஒரு துணை வேண்டும். வழிச்செலவு, மத்தியானச் சாப்பாடு, கூடப் போகிறவரின் நாட்கூலி, வீடுவீடாய்ப் போகிற உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல். ஒரு பிரதேச சபைக்கு இதெல்லாம் தாங்கமுடியாத தொகையல்ல.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். சபை காசு கொடுத்தால் வவுச்சர் எழுதவேண்டும், கணக்காய்வுக்குக் காட்டவேண்டும், கூட்ட அறிக்கையிலும் அது ஏறும். அங்கே பிள்ளையின் பெயர் வந்தால் உதவியே கேடாகிவிடும். அதனால் சபை ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகையைப் பிரதேச செயலகத்திடம் கொடுத்துவிட வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் அதைச் செலவிடட்டும். சபைக்கு வரும் கணக்கில் கோவை இலக்கம் மட்டும் இருந்தால் போதும். தீவுப் பக்கத்தில் காலைப் படகில் யார் ஏறினார்கள் என்பது மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எதற்காக ஏறினார்கள் என்பதை சபையின் வவுச்சர் சொல்லிவிடக்கூடாது.