பாட்டிலில் தபால் போட்டவர்

"செருப்பைக் கழற்றிக் கையில வச்சுக்குங்க சார். டார்ச் அடிக்கக் கூடாது. சத்தமாப் பேசக் கூடாது. சிகரெட் பிடிக்கறவங்க யாராவது இருந்தா இப்பவே பிடிச்சு முடிச்சுடுங்க."

கட்டளை போட்டவனுக்கு இருபது வயசுகூட இருக்காது. கசங்கின சட்டை, முழங்கால் வரை மடித்துவிட்ட பேன்ட், கையில் நீளமாய் ஒரு குச்சி. ஆபீஸில் இந்தத் தொனியில் என்னிடம் மேனேஜர்கூடப் பேசியதில்லை. ஆனால் மறு பேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினேன்.

1993 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. இரவு பதினொன்றரை மணிக்கு நீலாங்கரைக் கடற்கரை. அப்போது எனக்கு 26 வயது. மவுண்ட் ரோடில் ஓர் ஆபீஸில் டெஸ்பாட்ச் கிளார்க். கவரில் முகவரி எழுதுவது, ஸ்டாம்ப் ஒட்டுவது, ரிஜிஸ்டரில் பதிவது... இதுதான் என் உலகம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் ரூம்மேட்தான் "ஆமை பார்க்கப் போலாம், வாடா" என்று கிளப்பிவிட்டவன். அவன் வரவில்லை. சாயங்காலமே தலைவலி என்று போர்த்திப் படுத்துவிட்டான். பல்லவனுக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று நான் மட்டும் வந்து சேர்ந்தேன்.

நீலாங்கரையில் ஆரம்பித்து பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் தாண்டி பெசன்ட் நகர் வரை மணலிலேயே நடக்க வேண்டும். ஏழு கிலோ மீட்டர் இருக்கும். முதல் இரண்டு கிலோ மீட்டரில் பார்த்ததெல்லாம் தெரு நாய்களும் ஒரு பழைய டயரும்தான். ரூம்மேட்டை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

கொட்டிவாக்கம் பக்கம் பையன் சட்டென்று நின்றான். நிலா வெளிச்சத்தில், கடலிலிருந்து மேலே ஏறிப்போன ஒரு தடம்.

"நல்லாப் பாருங்க. துடுப்பு பட்ட அடையாளம் ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா இல்லாம, மாத்தி மாத்தி இருக்குல்ல? அப்ப இது பங்குனி ஆமை. பேராமைன்னா ரெண்டு துடுப்பையும் ஒண்ணா ஊன்றி இழுக்கும், தடம் ஜோடியா விழும். ஏழுவரி ஆமைன்னா கேக்கவே வேணாம், டிராக்டர் போன மாதிரி இருக்கும். ஆனா அதைப் பார்க்க நீங்க நிக்கோபார் போகணும்."

மணலில் கிடந்த கோட்டை வைத்து, வந்து போன ஆசாமியின் ஜாதகத்தையே சொல்கிறானே! தடம் முடிந்த இடத்தில் குச்சியை மெதுவாகக் குத்திக்கொண்டே போனான். ஓர் இடத்தில் குச்சி பொசுக்கென்று இறங்கியது. மண்டி போட்டு, தோள்பட்டை வரை கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்தான். பிங்பாங் பந்து மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன. என்னையும் எண்ணச் சொன்னான். நூற்றுப் பதினெட்டு. (பதினெட்டா பத்தொன்பதா என்று எனக்கும் அவனுக்கும் சின்னத் தகராறு வந்து, திரும்ப எண்ணினோம். டெஸ்பாட்ச் கிளார்க்கிடமா?)

"அங்கேயே விட்டா நாயும் மனுஷனும் விட்டு வைக்க மாட்டாங்க. பெசன்ட் நகர்ல வேலி போட்டு வச்சிருக்கோம். அங்கே இதே ஆழத்துல குழி தோண்டிப் புதைப்போம். சில மணி நேரத்துக்குள்ள செஞ்சுடணும் சார். உள்ளே கரு ஒட்டிக்கிட்ட பிறகு முட்டையை உருட்டினா செத்துடும்."

முட்டைப் பையைச் சுமந்துகொண்டு நடக்கும்போதுதான் கேட்டேன். "இதெல்லாம் யார் தம்பி சொல்லிக்கொடுத்தாங்க?"

"சீனியருங்க."

"அவங்களுக்கு?"

"அவங்களுக்கும் சீனியருங்க இருப்பாங்கல்ல சார்" என்று சிரித்தான். பிறகு, "எல்லாருக்கும் மூத்தவர்ல ஒருத்தர் இருக்காரு. சதீஷ் பாஸ்கர்னு பேரு. ஐ.ஐ.டி.யைப் பாதியில விட்டுட்டு ஆமை பின்னாடி போனவர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐ.ஐ.டி.யைப் பாதியில் விட்டாரா! அந்த கேட்டுக்குள் போவதற்கு ஊரே தவம் கிடக்கிறது. என் சித்தி பையன் எட்டாவது படிக்கும்போதே அதற்கு டியூஷன் போக ஆரம்பித்தவன். நமக்கெல்லாம் அந்த மதில் சுவரை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

மிச்ச தூரம் முழுக்க அவரைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தான். பாதியை நான் நம்பவில்லை. அப்புறம் பல வருடம் கழித்து, அவரைப் பற்றி வந்ததையெல்லாம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது... பையன் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான்.

சதீஷ் பாஸ்கர் பிறந்தது 1946ல், கேரளாவில். சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவருக்கு வகுப்பைவிடக் கடல் பிடித்துப் போயிற்று. நீச்சலில் சூரர். எழுபதுகளில் ராமுலஸ் விட்டேகர் நடத்திய மெட்ராஸ் பாம்புப் பண்ணையில் கள அலுவலராகச் சேர்ந்தார். அந்த நாட்களில்தான் விட்டேகரும் சில இளைஞர்களும் சென்னைக் கடற்கரையில் ராத்திரி நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றத் தொடங்கியிருந்தார்கள். அப்போது முட்டை எடுத்து விற்பது சகஜம். பங்குனி ஆமையை வேட்டையாடக் கூடாத விலங்குகளின் பட்டியலில் சேர்த்ததே 1977ல்தான்.

இந்தியக் கரையில் எந்த ஆமை எங்கே, எந்த மாதம் முட்டையிடுகிறது என்று உருப்படியான கணக்கு கிடையாது. அந்தக் கணக்கை எடுக்கக் கிளம்பியவர்களில் முதல் ஆள் சதீஷ். ஜீப், படகு, பரிவாரம் எதுவும் இல்லை. முதுகில் ஒரு பை, கையில் ஒரு நோட்டு. லட்சத்தீவு, குஜராத், அந்தமான், நிக்கோபார் என்று கரையோரமாகவே நடந்தார். நடந்தது மொத்தம் நாலாயிரம் கிலோ மீட்டருக்கு மேல் என்கிறார்கள். குறுக்கே கழிமுகம் வந்தால் நீந்தித் தாண்டுவாராம். அந்தமானில் கழிமுகம் என்றால் உப்புநீர் முதலை குடியிருக்கிற இடம்! (நான் மெரினாவில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.)

தபால் கதைக்கு வருகிறேன். டெஸ்பாட்ச் கிளார்க்கான என்னை உலுக்கிய கதை அதுதான்.

லட்சத்தீவில் சுஹேலி வலியகரா என்று ஆள் இல்லாத தீவு ஒன்று. பேராமைகள் அங்கே முட்டையிட வருவது சரியாக மழைக் காலத்தில். மழைக் காலத்தில் எந்தப் படகும் அந்தப் பக்கம் போகாது. அப்படியானால் எப்படிக் கணக்கெடுப்பது? சதீஷ் கண்டுபிடித்த வழி ரொம்ப சுலபமானது. மழைக்கு முன்னால் போய் இறங்கிவிடுவது, மழை முடிந்த பிறகு படகு வந்தால் திரும்புவது!

1982 மே மாதம் போய் இறங்கினார். வயது முப்பத்தைந்து. வீட்டில் மனைவி, கைக்குழந்தை. பேச்சுத் துணைக்கு ஒரு மனுஷன் கிடையாது. போதாக்குறைக்கு, செத்துப்போன ஒரு திமிங்கலச் சுறா கரை ஒதுங்கி, நாற்றம் குடலைப் பிடுங்கியதாம். தினமும் ராத்திரி கரையைச் சுற்றி வந்து ஆமைகளை எண்ணுவார், எழுதுவார். செப்டம்பர் வரை இதே வேலை.

ஜூலை 3-ம் தேதி மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் போட்டு, மூடி, கடலில் விட்டார்.

யோசித்துப் பாருங்கள். முகவரி சரிபார்த்து, பின்கோடு போட்டு, நான் அனுப்பிய கவரே 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்ததுண்டு. இங்கே ஒரு மனுஷன் அரபிக் கடலையே தபால்காரனாக்கிவிட்டு நிம்மதியாக ஆமை எண்ணப் போய்விட்டான். தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் அந்த நீரோட்டம் கிழக்கே ஓடும். பாட்டில் மிதந்து மிதந்து, இந்தியாவின் தென்கோடியைத் தாண்டி, இருபத்து நாலே நாளில் சுமார் 800 கிலோ மீட்டர் தள்ளி இலங்கைக் கரையில் ஒதுங்கியது. எடுத்தவர் ஒரு மீனவர். குப்பை என்று தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. தபால் செலவு செய்து, சதீஷின் மனைவிக்குக் கடிதத்தை அனுப்பி வைத்தார். கூடவே, தன் கையால் ஒரு கடிதம். ஒரு தடவை எங்கள் ஊருக்கு வந்து போங்கள் என்று அழைப்பு வேறு!

சதீஷ் மேடை ஏறிப் பாடம் நடத்துகிற ரகம் இல்லை. கூச்ச சுபாவம், அளந்துதான் பேசுவார் என்கிறார்கள் பழகியவர்கள். அவர் பாடம் நோட்டில் இருந்தது. எந்தக் கரை, எந்த மாதம், எத்தனை தடம், எத்தனை குழி, அதில் எத்தனையை நாயோ உடும்போ தோண்டியது என்று எல்லாம் எழுதி வைத்தார். இந்தோனேஷியாவின் இரியன் ஜயாவுக்குப் போய் 1984-85ல் சுமார் 700 ஏழுவரி ஆமைகளுக்கு அடையாள வில்லை மாட்டியதும் இதே மனுஷன்தான், கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக. ஏழுவரி ஆமை என்பது உலகத்திலேயே பெரிய ஆமை. இரும்பு பீரோ மாதிரி இருக்கும்.

அந்த நோட்டுகளின் மதிப்பு 2004 சுனாமிக்குப் பிறகுதான் பலருக்கு உறைத்திருக்கும். நிக்கோபாரில் கரைகள் பல அப்படியே காணாமல் போயின. போனது எவ்வளவு என்று தெரிய, முன்னால் இருந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டுமே! சதீஷும் அவருக்குப் பின்னால் போனவர்களும் எழுதி வைத்த கணக்குதான் கைகொடுத்தது. கிரேட் நிக்கோபாரின் கலத்தியா வளைகுடாவில் மணல் திரும்பச் சேர்ந்தது, ஏழுவரி ஆமைகளும் திரும்ப வந்தன. ஆனால் 2021 ஜனவரியில் அந்த வளைகுடாவுக்கு இருந்த சரணாலய அந்தஸ்தை நீக்கிவிட்டார்கள். பெரிய துறைமுகம் கட்டுகிற திட்டம். அதை எதிர்த்துப் பேசுகிறவர்கள் முதலில் எடுத்து நீட்டுவதும் ஆமைக் கணக்கைத்தான்.

சென்னையில் அவர்கள் ஆரம்பித்து வைத்த ராத்திரி நடை நடுவில் கொஞ்சம் தொய்ந்து, 1988ல் கல்லூரி மாணவர்கள் கையில் மறுபடி உயிர் பெற்றது. என்னைச் செருப்பைக் கழற்ற வைத்த பையன் அந்தக் கோஷ்டி. அதைத் தொடங்கிய மாணவர்களில் ஒருவரான கார்த்திக் ஷங்கர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியரானார். ஆமைகள் பற்றி 2015ல் புத்தகமே எழுதினார். வங்கி, ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் கம்பெனி என்று வேறு வேலைக்குப் போனவர்களும் நிறைய. ஆனால் இவர்களில் யாரைக் கேட்டாலும் தடத்தைப் பார்த்து ஆமை ஜாதி சொல்வார்கள் என்று நினைக்கிறேன். நானே சொல்வேன்!

2023ல் சதீஷ் பாஸ்கர் காலமானார். வயது 76. கடைசி வருடங்களில் கோவாவில் இருந்தார். அடுத்த வருடம் அவரைப் பற்றி 'டர்ட்டில் வாக்கர்' என்று ஒரு டாகுமென்டரி படம் வந்தது. செய்தியை நான் செல்போனில்தான் படித்தேன். என் ஆபீஸில் டெஸ்பாட்ச் செக்‌ஷன் மூடிப் பல வருடமாகிறது. இப்போது எல்லாம் ஈமெயில்.

2025 ஜனவரி. காலையில் வாக்கிங் போகிற பழக்கம் உண்டு எனக்கு. (டாக்டர் உத்தரவு.) அந்த மாதம் சென்னைக் கரையோரம் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல். பேப்பரில் படித்துவிட்டுத்தான் போனேன். படிப்பது வேறு, பார்ப்பது வேறு. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, அலையில் அப்படியும் இப்படியும் அசைந்துகொண்டு... ஆமை மீன் இல்லை, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவை வலைக்குள் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை வலை போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை மட்டும் தப்பிப் போக வலையில் கதவு வைக்கிற கருவியும் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. ஆமையும் கிடக்கிறது.

ஒரு பெண் தனியாக ஓர் ஆமைப் பக்கத்தில் குனிந்திருந்தாள். காலேஜ் படிக்கிற வயசு. மூக்கில் கர்சீப் கட்டியிருந்தாள். கையில் டேப், நோட்டு. ஓட்டின் மேல் பெயின்டால் ஒரு கோடு போட்டாள். ஒரே ஆமையை இன்னொருத்தர் திரும்ப எண்ணிவிடக் கூடாதே, அதற்காக.

"அங்கிள், இந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா?"

செருப்பைக் கழற்றிவிட்டு மண்டி போட்டேன். நாற்றம் தாங்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தின ஞாபகம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்து, "சதீஷ் பாஸ்கர்னு ஒருத்தர்... கேள்விப்பட்டிருக்கியாம்மா?" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அங்கிள், பாட்டில்ல லெட்டர் போட்டவர். டேப்பை இறுக்கிப் பிடிங்க, தொங்குது பாருங்க."

இறுக்கிப் பிடித்தேன்.

"அறுபத்தெட்டு" என்று சொல்லி எழுதிக்கொண்டாள். அடுத்தது இருபதடி தள்ளிக் கிடந்தது.