வீட்டுலயே ஓல்டு ஃபேஷன்ட் கிட்: எவ்வளவு ஆகும், எது தேவையே இல்ல, எங்க காசு ஓட்டை விழுது?



"பார்ல ஒரு கிளாஸ் ஆயிரம் ரூபாய். கிட் பத்தாயிரம். பதினஞ்சு கிளாஸ் வீட்டுல போட்டா போட்ட காசு வந்துடும், அப்புறம் எல்லாமே மிச்சம்தான்." போன தீபாவளி சேல்ல கார்ட்ல பொருளை வச்சுக்கிட்டு என் மனைவிகிட்ட நான் சொன்னது இது. சிஏ படிச்சவன் சொல்றானேன்னு அவங்களும் நம்பிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு கார்டு ஸ்டேட்மென்ட்டை எக்செல்ல போட்டுப் பார்த்தப்போதான் கணக்கு எங்க தப்பாச்சுன்னு புரிஞ்சது. கூட்டல் கழித்தல்ல தப்பு இல்ல. கேள்வியே தப்பு.

முதல்லயே ஒண்ணு. குடிக்காதவங்க இதைப் படிச்சு ஆரம்பிக்க வேண்டாம், உங்களுக்கு இதுல நூறு சதவீதம் சேமிப்பு. 21 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்குத் தமிழ்நாட்டுல சட்டப்படி அனுமதியே கிடையாது. ஏற்கனவே மாசம் ஒண்ணு ரெண்டு தடவை வெளிய போய் காக்டெயில் சாப்பிடுறவங்களுக்கான பதிவு இது.

இந்த டிரிங்க்ல என்னதான் இருக்கு?

கிட் வாங்குறதுக்கு முன்னாடி ரெசிபியைப் படிங்க. நான் படிக்கல, அதுதான் முதல் செலவு.

1806-ல அமெரிக்காவுல, நியூயார்க் மாநிலத்துல இருக்கிற ஹட்சன்ங்கிற ஊர்ப் பத்திரிகை ஒண்ணு, காக்டெயில்னா என்னன்னு கேட்ட வாசகருக்குப் பதில் போட்டுச்சு: ஏதோ ஒரு மதுபானம், சர்க்கரை, தண்ணி, பிட்டர்ஸ். அவ்வளவுதான். பின்னாடி பார்க்காரங்க அதுல விதவிதமா லிக்கர் எல்லாம் சேர்க்க ஆரம்பிச்சதும், "எனக்கு அந்தப் பழைய மாதிரியே போடுப்பா"ன்னு கேட்டவங்களால வந்த பேருதான் ஓல்டு ஃபேஷன்ட். இருநூறு வருஷமா நாலு பொருள்தான். அதுவும் ஷேக்கர்ல போட்டுக் குலுக்குற டிரிங்க் இல்ல இது. கிளாஸ்லயே ஊத்தி, ஸ்பூனால கலக்குறது.

இப்போ நான் வாங்கின லிஸ்ட்டைப் பாருங்க. மரஸ்டாண்டோட 12 பீஸ் பார் செட் 4,500 ரூபாய். அதுல ஷேக்கர், ரெண்டு வடிகட்டி, கார்க் ஸ்க்ரூ, மட்லர், இடுக்கின்னு எல்லாம் உண்டு. புகை போடுற கிட் 3,000. கனமான கிளாஸ் ரெண்டு 1,800. பெரிய ஐஸ் கட்டி மோல்டு 700. மொத்தம் 10,000. இந்த டிரிங்குக்கு அந்த 12 பீஸ்ல நிஜமா உதவினது ரெண்டே ரெண்டு: அளவு பார்க்கிற ஜிக்கர், நீளமான ஸ்பூன். ஷேக்கர் இப்போ எங்க அம்மாகிட்ட இருக்கு, மோர் அடிக்கிறாங்க. நல்லா நுரைக்குதாம்.

புகை கிட் ரீல்ஸ்ல பார்க்க அழகா இருக்கும். ஆனா பியூட்டேன் கேன், மரச்சீவல் ரெண்டும் தீரத் தீர வாங்கணும். மூணு தடவை போட்டேன். வாடகை வீட்டு ஹால்ல புகை வந்து பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டினதோட அது அலமாரிக்குப் போயிடுச்சு.

'நோ காஸ்ட்' இஎம்ஐ நிஜமாவே நோ காஸ்ட்டா?

பத்தாயிரத்தை மொத்தமா குடுக்க மனசு வரல. ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐ போட்டேன், மாசம் 1,667. இதுல நடக்கிறது என்னன்னா, பேங்க் வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு விலையில டிஸ்கவுன்ட் குடுத்து சரிக்கட்டுவாங்க. வருஷத்துக்கு 15 சதவீதம்னா என் கேஸ்ல வட்டி சுமார் 423 ரூபாய். அது டிஸ்கவுன்ட்ல கழிஞ்சுடும். ஆனா அந்த வட்டி மேல வர்ற 18 சதவீத ஜிஎஸ்டியை யாரும் கழிக்க மாட்டாங்க, அது 76. பிராசசிங் ஃபீஸ் 199, அதுக்கு ஜிஎஸ்டி 36. ஆக மொத்தம் 311 ரூபாய் கூட. பெரிய தொகை இல்லதான். ஆனா வீட்டுல போடுற ஒரு கிளாஸோட விலை ஏறக்குறைய அதுதான்னு கீழ வரும்போது தெரியும்.

நிஜமா என்ன வேணும்

அளவு. 60 மில்லி, அதாவது ஒரு லார்ஜ். 250 ரூபாய்க்கு ஸ்டீல் ஜிக்கர் கிடைக்கும். அதுவும் வேண்டாம்னா, இருமல் மருந்து பாட்டில் மேல வர்ற 15 மில்லி கோடு போட்ட மூடியை நல்லா கழுவி நாலு தடவை ஊத்துங்க. ஜிக்கரை மட்டும் நான் விடவே மாட்டேன், கண்ணளவுல ஊத்துறவங்க எப்பவுமே கூடத்தான் ஊத்துவாங்க. ருசியும் கெடும், ஸ்டாக் கணக்கும் கெடும்.

ஸ்பூன். ஃபலூடா ஸ்பூன் போதும். தோல் சீவ கிச்சன்ல இருக்கிற பீலர் போதும். சர்க்கரைப் பாகு வச்சுக்கிட்டா மட்லரே தேவையில்ல. ரெண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணி, சூடு பண்ணிக் கரைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க. நாட்டுச்சர்க்கரையில பண்ணினா எனக்கு இன்னும் பிடிக்குது.

ஐஸ் மோல்டுக்குச் செலவு பண்ணலாம், இதுல நியாயம் இருக்கு. 5 சென்டிமீட்டர் ஐஸ் கட்டி ஒண்ணோட மேற்பரப்பு 150 சதுர சென்டிமீட்டர். அதே அளவு ஐஸை 2.5 சென்டிமீட்டர் கட்டிகளா வெட்டினா எட்டு கட்டி வரும், மேற்பரப்பு 300. காத்தும் விஸ்கியும் படுற இடம் டபுள், அதனால சீக்கிரம் உருகி தண்ணி மாதிரி ஆயிடும். 350 ரூபாய் சிலிகான் மோல்டு இந்த வேலையைச் செய்யும். கனமான அடி வச்ச கிளாஸ் ஒண்ணு 300.

கூட்டினா 900 ரூபாய். நான் குடுத்தது 10,311.

பிட்டர்ஸ் மட்டும் தனியா பேசணும். அங்கோஸ்டுரா பிட்டர்ஸ்தான் இதுல கிளாசிக். 1824-ல யோஹான் சீகர்ட்ங்கிற ஜெர்மன் டாக்டர், வெனிசுலாவுல அங்கோஸ்டுராங்கிற ஊர்ல மருந்தாக் கண்டுபிடிச்சது. இப்போ டிரினிடாட்ல தயாராகுது. பாட்டிலை விடப் பெருசா லேபிள் ஒட்டியிருக்கும், டூப்ளிகேட்னு நினைச்சு ரிட்டர்ன் பண்ணிடாதீங்க. 200 மில்லி பாட்டில் எனக்கு 1,800 ரூபாய் ஆச்சு. ஒரு கிளாஸுக்கு ரெண்டு டேஷ், சுமார் 1.8 மில்லி. அப்போ ஒரு பாட்டில்ல 110 கிளாஸ், கிளாஸுக்கு 16 ரூபாய்தானேன்னு தோணும். அங்கதான் ஒரு சின்ன டிராப். நீங்க வருஷத்துக்கு இருபது கிளாஸ்தான் போடுவீங்கன்னா முதல் வருஷத்துக்கு அது கிளாஸுக்கு 90 ரூபாய். அதனால பிட்டர்ஸை கிட் செலவுலயே முழுசா சேர்த்துடுங்க. நல்ல வேளை, அது வருஷக்கணக்கா கெடாது. நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒண்ணு வாங்கிப் பங்கு போட்டுக்கலாம்.

ஆரஞ்சு: கமலா ஆரஞ்சோட மெல்லிசுத் தோல் சரியா வராது. தடிச்ச தோல் ஆரஞ்சு வாங்கி, தோலை கிளாஸுக்கு மேல வச்சு முறுக்கினா எண்ணெய் தெறிக்கும், வாசனை அதுலதான். பழத்தைச் சாப்பிட்டுடுங்க.

விஸ்கி விலை ஏன் இப்படி?

இது ஒரிஜினலா போர்பன் இல்லன்னா ரை விஸ்கில போடுற டிரிங்க். போர்பன்னா அமெரிக்காவுல தயாரிச்சது, குறைஞ்சது 51 சதவீதம் மக்காச்சோளம், உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாய்ல ஊறினது. அந்த வெனிலா வாசனையும் இனிப்பும் பீப்பாய்லருந்து வர்றதுதான். 2025 பிப்ரவரியில போர்பனுக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு 150-லருந்து 100 சதவீதமாக் குறைச்சது. "அப்போ பாட்டில் விலை பெருசாக் குறையணுமே"ன்னு கேட்கலாம். சுங்க வரி இறக்குமதி மதிப்பு மேலதான். மதுபானம் ஜிஎஸ்டிக்குள்ள வராது, அதனால மாநில கலால், வாட் எல்லாம் அதுக்கு மேல தனியா ஏறும். ஒரே பாட்டில் சென்னையில ஒரு விலை, பெங்களூர்ல ஒரு விலை இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். அதுக்காகப் புதுச்சேரியில மலிவுன்னு டிக்கியில அடுக்கிட்டு வராதீங்க. அது சேமிப்பு இல்ல, கேஸ். வெளிநாடு போயிட்டு வர்றவங்களுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரை டியூட்டி ஃப்ரீ அனுமதி இருக்கு, ஆன்சைட் போற ஃப்ரெண்டை நல்லபடியா கவனிச்சுக்கோங்க.

போர்பன் பட்ஜெட்டைத் தாண்டுதுன்னா இந்திய சிங்கிள் மால்ட் நல்லாவே வேலை செய்யும். பெங்களூர்ல அம்ருத், கோவாவுல பால் ஜான் ரெண்டும் உண்டு, ஆனா விலை எப்பவும் மலிவுன்னு சொல்ல முடியாது. 12 வருஷ ஸ்காட்ச்சை வாங்கி அதுல சர்க்கரை கலக்காதீங்க, அது சொந்த வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு வாடகை குடுக்கிற மாதிரி.

என் கணக்குக்கு 750 மில்லி பாட்டில் 3,600 ரூபாய்னு வச்சுக்கிறேன். உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. 60 மில்லிக்கு 288. பிட்டர்ஸ் 16, ஆரஞ்சுத் தோல் சுமார் 10, சர்க்கரை 1. ஆக 315 ரூபாய். பார்ல வரியோட 1,000. கிளாஸுக்கு மிச்சம் 685. என் 10,000-ஐ 685-ஆல வகுத்தா 14.6. "பதினஞ்சு கிளாஸ்" எங்கிருந்து வந்ததுன்னு இப்போ தெரியுதா?

தப்பு எங்கன்னா

கிட் வாங்குறதுக்கு முன்னாடி நான் மாசத்துக்கு ரெண்டு கிளாஸ், ரெண்டும் பார்ல. செலவு 2,000. வாங்கினப்புறம் வெள்ளிக்கிழமை ஒண்ணு, சனிக்கிழமை ஒண்ணு. அப்புறம் "இன்னிக்கு கிளையன்ட் கால் ரொம்ப மோசம்"னு புதன்கிழமையும் ஒண்ணு. மாசம் 13 கிளாஸ், 4,095 ரூபாய். பாருக்குப் போறது நின்னுச்சா? ரெண்டு ஒண்ணாக் குறைஞ்சது, அவ்வளவுதான். ஏன்னா அங்க போறது டிரிங்குக்காக இல்ல, ஃப்ரெண்ட்ஸைப் பார்க்க. அதுக்கு 1,000. மொத்தம் 5,095, இஎம்ஐ தனி.

ஒரு கிளாஸோட விலை மூணுல ஒரு பங்குக்கும் கீழ வந்துடுச்சு. மாசச் செலவு ரெண்டரை மடங்கு ஏறிடுச்சு.

வீட்டுல போடுற ஒவ்வொரு கிளாஸும் 685 மிச்சம்னு நினைச்சதுதான் என் தப்பு. பார்ல குடிச்சிருக்க வேண்டிய கிளாஸுக்குப் பதிலா வீட்டுல போட்டா மட்டும்தான் அது மிச்சம். என் 13-ல அப்படி ஒண்ணே ஒண்ணுதான். மீதி 12-ம் முன்னாடி இல்லாத புதுச் செலவு, 3,780 ரூபாய். ஒரு மாசத்துக்கு 685 சேமிச்சு 3,780 செலவழிச்சிருக்கேன். பணத்தை விடுங்க, மாசத்துக்கு ரெண்டு கிளாஸ் 13 ஆனதை நான் கவனிக்கவே இல்ல. பார்ல பில் வந்து நிறுத்தும். வீட்டுல நிறுத்துறதுக்கு யாரும் இல்ல. மனைவி கேட்டாங்க, "கணக்குப் போட்டதுதானே"ன்னு நான்தான் வாயை அடைச்சேன்.

அதனால கிட் வாங்குறதுக்கு முன்னாடி பழைய பட்ஜெட்ல இருந்து ஆரம்பிங்க. உங்க பழைய செலவு 2,000-னா, ஒரு பார் விசிட்டை வச்சுக்கோங்க. மீதி 1,000-ல வீட்டுல மூணு கிளாஸ், 945 ரூபாய். அந்த வேகத்துல ஒரு பாட்டில் நாலு மாசம் வரணும். இதைச் செக் பண்ண ஆப் எல்லாம் வேண்டாம். பாட்டில் திறக்கிற அன்னிக்கு மார்க்கர்ல தேதி எழுதுங்க. திறந்த விஸ்கி, மூடியை இறுக்கி வெயில் படாம வச்சா நாலு மாசத்துக்கு ஒண்ணும் ஆகாது. மூணாவது வாரத்துலயே தீர்ந்துச்சுன்னா, ஆடிட் ரிப்போர்ட் பாட்டில் மேலயே இருக்கு. என் பாட்டில்ல இப்போ ரெண்டாவது மாசம் ஓடுது, பாதிக்கு மேல இருக்கு.

ஏற்கனவே பெரிய கிட் வாங்கிட்டவங்க, "காசு போட்டாச்சே, யூஸ் பண்ணியாகணும்"னு நினைக்காதீங்க. போன காசு போனதுதான், அதை எடுக்கிறதுக்காக இன்னொரு பாட்டில் வாங்கினா அது புதுச் செலவு. நான் புகை கிட்டையும் மரஸ்டாண்டையும் 1,500 ரூபாய்க்கு ஆன்லைன்ல வித்துட்டேன். வாங்கின தம்பி ஐடி கம்பெனியில முதல் வருஷமாம். "அண்ணா, பதினஞ்சு கிளாஸ்ல காசு வந்துடும்ல?"ன்னு கேட்டார். இந்த எக்செல் ஷீட்டை அவருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன்.