சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்: கடை வேலைக்கு இந்தியர் போக முடியுமா?

திருச்சி,

"சிங்கப்பூர் சூப்பர் மார்க்கெட்டில் வேலை, ஒர்க் பெர்மிட் ரெடி" என்று ஏஜெண்டு சொன்னால், நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். முதலில் அந்த வேலைக்கு இந்தியரை எடுக்க அனுமதி உண்டா என்று பாருங்கள்.

எந்த நாட்டுக்காரரை எந்த தொழிலுக்கு எடுக்கலாம் என்பதை சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் பிரித்து வைத்துள்ளது. கட்டிட வேலை, கப்பல் பட்டறை, ரசாயன ஆலை பணிகளுக்கு இந்தியா, வங்காளதேசம், இலங்கை, மியான்மர் தொழிலாளர்கள் போகலாம். நம்மூர் ஆட்கள் அதிகம் போவதும் இவற்றுக்குத்தான். கட்டிட வேலைக்கு இங்கேயே டெஸ்ட் அடித்து பாஸ் ஆக வேண்டும்.

கடை, ஓட்டல், தொழிற்சாலை கதை வேறு. இவற்றில் மலேசியா, சீனா, தென்கொரியா, தைவான் போன்ற நாட்டினருக்குத்தான் பொதுவான அனுமதி. இந்தியருக்கு குறிப்பிட்ட சில வேலைகள் மட்டுமே. 2023 செப்டம்பரில் இந்த பட்டியல் வந்தது. சமையல்காரர், வெல்டர், லாட்ஜ் ரூம் பாய் போன்ற வேலைகள் இதில் உண்டு. 2025 செப்டம்பரில் கனரக வாகன டிரைவர், தொழிற்சாலை ஆபரேட்டரும் சேர்க்கப்பட்டனர். மாத சம்பளம் குறைந்தது 2 ஆயிரம் வெள்ளி தர வேண்டும்.

கடை சேல்ஸ்மேன், ஓட்டல் சர்வர் இந்த பட்டியலில் இல்லை. சமையல்காரர் என்று பெர்மிட் எடுத்து சர்வர் வேலை பார்ப்பதும் சட்டப்படி குற்றம். மாட்டினால் ஊருக்கு திரும்ப வேண்டியதுதான்.

"அப்போ எஸ் பாஸ் போடுறேன்" என்பார்கள் சிலர். எஸ் பாசுக்கு நாட்டுக் கட்டுப்பாடு கிடையாது, உண்மைதான். ஆனால் 2025 செப்டம்பர் முதல் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு குறைந்தது 3,300 வெள்ளி சம்பளம் வேண்டும். வயதுக்கு ஏற்ப இது இன்னும் கூடும். கடையில் சாமான் அடுக்குபவருக்கு எந்த முதலாளி இவ்வளவு கொடுப்பார்?

விமானம் ஏறும் முன் 'ஐ.பி.ஏ.' எனப்படும் முன் அனுமதி கடிதம் கையில் இருக்க வேண்டும். அதில் முதலாளி பெயர், வேலை, சம்பளம் எல்லாம் இருக்கும். ஏஜெண்டு வாயால் சொன்ன வேலையும் கடிதத்தில் உள்ள வேலையும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5 ஆயிரம் வெள்ளி பிணைத்தொகை, மாதாந்திர லெவி இரண்டும் முதலாளி கட்ட வேண்டியவை. அதை தொழிலாளி தலையில் கட்ட சட்டத்தில் இடமில்லை. "டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்பவரிடம் பாஸ்போர்ட்டையே கொடுக்காதீர்கள்.