அப்பாவோட ஆர்.எக்ஸ்.100-ஐ புதுசாக்க போறீங்களா? பெயிண்டை பார்த்து ஏமாறாதீங்க!

சென்னை:
தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து பெயர் சொல்லிவிடலாம். அதுதான் யமஹா ஆர்.எக்ஸ்.100. 1985-ல் இந்தியாவில் அறிமுகமாகி 1996-ல் உற்பத்தி நின்று போன இந்த பைக்கிற்கு இன்னும் மவுசு குறையவில்லை. வெறும் 98 சி.சி. என்ஜின்தான். ஆனால் 11 குதிரைத்திறன், சுமார் 100 கிலோ எடை என்பதால் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சிட்டாக பறக்கும். கார் வாங்க வசதி இல்லாத வாலிபர்களுக்கு இதுதான் 'ஸ்போர்ட்ஸ் கார்'.

அப்பா ஓட்டிய வண்டி, மாமா கொடுத்த வண்டி என வீட்டு வாசலில் துருப்பிடித்து நிற்பதை பழையபடி ஓட வைக்க பலருக்கும் ஆசை. சிறுக சிறுக சேர்த்த பணத்தோடு ஷெட் தேடி அலைகிறார்கள். இங்குதான் உஷாராக இருக்க வேண்டும். தப்பான ஷெட்டில் விட்டால் பணம் மட்டும் போகாது. ஆர்.சி.க்கே வேட்டு வந்துவிடும்.

பளபளப்பு மயக்கம்

ஷெட் வாசலில் ஜொலிக்கும் வண்டியை பார்த்துதான் பலரும் விழுந்துவிடுகிறார்கள். பெயிண்ட் என்பது கடைசி வேலை. நசுங்கிய இடத்தில் பட்டி பூசி அடித்தாலும் முதல் மாதம் பளபளன்னுதான் இருக்கும். அதனால் நேற்று முடித்த வண்டியை பார்ப்பதைவிட, அதே ஷெட்டில் ஒன்றிரண்டு வருடம் முன்பு வேலை பார்த்த வண்டியை தேடிப்பிடித்து பார்ப்பது நல்லது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது எத்தனை கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது என்று அந்த ஓனரிடம் கேட்டாலே ஷெட்டின் லட்சணம் தெரிந்துவிடும்.

என்ஜினை பிரிக்காமல் ரேட்டா?

இது டூ ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோலும் காற்றும் கிராங்க் இருக்கும் அறை வழியாகத்தான் மேலே போகும். வண்டி பல வருடம் சும்மா நின்றால் கிராங்க்கின் இரண்டு பக்கமும் உள்ள ஆயில் சீல் காய்ந்துவிடும். அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தால் பெட்ரோல் அளவு குறைந்து என்ஜின் கொதிக்கும். கடைசியில் ஓடும்போதே பிஸ்டன் ஜாம் ஆகும். சீலை கவனிக்காமல் பிஸ்டன், ரிங் மட்டும் மாற்றுவது பாதி வேலைதான்.

அடுத்தது போரிங். கம்பெனியில் இருந்து வரும்போது சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ. தேய்ந்தால் கால் மி.மீ. வீதம் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன் போடுவார்கள். இதை இஷ்டத்துக்கு செய்ய முடியாது. கடைசி அளவை தாண்டினால் புதிய ஸ்லீவ்தான். எனவே என்ஜினை ஓனர் முன்னாலேயே பிரித்து, அளந்து காட்டி, பிறகு ரேட் சொல்பவரே சரியான ஆள். பார்த்த உடனே 'எல்லாம் சேர்த்து இவ்வளவு, ரெண்டு வாரத்துல ரெடி' என்பவரிடம் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

நம்பர் போனா போச்சு

பலர் கோட்டை விடுவது இங்குதான். சேசிஸ் நம்பர் ஹேண்டில்பாருக்கு கீழே, பிரேமின் கழுத்துப் பகுதியில் குத்தப்பட்டிருக்கும். துரு எடுக்க மணல் அடிக்கும்போது அது தேயலாம். மேலே பவுடர் கோட்டிங் தடிமனாக விழுந்தால் மூடியே போகும். ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பர் தெரியவில்லை என்றால் ஆர்.சி. புதுப்பிப்பது பெரும்பாடு. திருட்டு வண்டியோ என்ற சந்தேகமும் வரும்.

வண்டியை விடும் முன் நம்பர் மேல் பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து பதிவு எடுத்துக்கொள்ள வேண்டும். போட்டோவும் அவசியம். 'நம்பர் இருக்கிற இடத்தை மறைச்சிட்டுத்தான் மணல் அடிப்போம்' என்று தானாகவே சொல்லும் ஷெட்டை நம்பலாம்.

என்ஜின் நம்பருக்கும் இதே கதைதான். வேறு வண்டியின் என்ஜினை மாட்டினால் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். 'ஸ்பீடு வேணுமா, 135 பிளாக் போட்டுடலாம்' என்ற ஆசை வார்த்தைக்கும் மயங்கக்கூடாது. அது 132 சி.சி. ஆர்.சி.யில் இருப்பதோ 98 சி.சி. காதை கிழிக்கும் சைலன்சர் மாட்டினால் மோட்டார் வாகன சட்டப்படி ரூ.10 ஆயிரம் வரை அபராதம், 3 மாதம் வரை ஜெயில் என சிக்கல் வரும்.

பழைய பார்ட்ஸ் எங்கே?

உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் ஒரிஜினல் பார்ட்சுக்கு ஏக கிராக்கி. புதுப்பேட்டையில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்க வேண்டும். துருப்பிடித்த வண்டியில்கூட கார்புரேட்டர், கிராங்க் என விலை போகும் ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்கும். அவற்றை சத்தமில்லாமல் கழற்றிவிட்டு டூப்ளிகேட் மாட்டும் ஆசாமிகளும் உண்டு.

விடும்போதே என்னென்ன இருக்கிறது என்று லிஸ்ட் எழுதி இருவரும் கையெழுத்து போட வேண்டும். மாற்றிய பார்ட்ஸை எல்லாம் ஒரு சாக்குப் பையில் போட்டு திருப்பிக் கொடுப்பதுதான் நேர்மையான ஷெட்டுக்கு அடையாளம். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வண்டியை கொடுக்கவே வேண்டாம்.

பணத்தையும் மொத்தமாக கொடுக்கக்கூடாது. என்ஜின், டிங்கரிங், பெயிண்டிங் என வேலை முடிய முடிய கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பில் வாங்க வேண்டும். தகராறு வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அந்த பில்தான் பேசும். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் புகாருக்கு கட்டணமே இல்லை. 1915 என்ற ஹெல்ப்லைனிலும் சொல்லலாம்.

முதலில் ஆர்.சி.!

ஸ்பேனரை தொடும் முன் ஆர்.சி.யை பார்க்க வேண்டும். 15 வருடம் முடிந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய பைக்கிற்கு இதற்கான கட்டணத்தை 2025 ஆகஸ்டில் ரூ.2 ஆயிரமாக மத்திய அரசு உயர்த்தியது. எந்த ஆர்.எக்ஸ்.100-ம் இதற்கு தப்பாது. தாமதத்துக்கு தனி அபராதம். அப்பா இறந்துவிட்டார் என்றால் படிவம் 31 கொடுத்து பெயர் மாற்றுவதும் அவசியம்.

பேப்பர் சரியில்லாத வண்டிக்கு எவ்வளவு செலவு செய்தாலும் அது வாசலில் நிற்கும் பொம்மைதான். பேப்பரை சரிபார்த்து, என்ஜினை கண்முன்னே பிரித்து, நம்பரை காப்பாற்றி, பழைய பார்ட்ஸை கையில் கொடுக்கும் மெக்கானிக் சின்ன ஓலைக் கொட்டகையில் இருந்தாலும் பரவாயில்லை. அவரிடம் தாராளமாக சாவியை கொடுக்கலாம்.