இடம் அறிந்து இடுக கிரீஸ்!

உங்கள் வீட்டு மாடிப்படியின் அடியில் ஒரு சைக்கிள் நிற்கிறதா? அதனை நீங்களே கழற்றி, துடைத்து, கிரீஸ் இட்டுப் பூட்டும் பழக்கம் உண்டா? உண்டெனில் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். என்னிடம் நேர்ந்த ஒரு தவற்றை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அரசு உதவிபெறும் பள்ளியில் 11ஆம் வகுப்புப் பயிலும் என் மகளுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைத்தது. ஆறு மாதம் சென்றதும் முன்சக்கரம் கரகரவென ஓசையிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதரஸாவில் பாடம் இல்லாத வேளையில் நானே ஓவராயில் செய்ய அமர்ந்தேன். ‘கிரீஸ் தானே, கூடுதலாக இருந்தால் நல்லது தானே’ என்று எண்ணிக் குடம் நிறைய அப்பினேன். அதே கையால் ரிம்மைப் பிடித்துச் சக்கரத்தைப் பூட்டினேன். என் வெள்ளை ஜிப்பாவில் மூன்று இடங்களில் கறை. அது பெரிதன்று. மறுநாள் காலை பாலத்துச் சரிவில் மகள் பிரேக்கைப் பிடித்தபோது அது பிடிக்கவில்லை. ஓரமாய் நின்ற தள்ளுவண்டியில் மோதி முழங்கால் சிராய்த்து வீடு வந்தாள். இறையருளால் அம்மட்டோடு போயிற்று. ரிம்மைத் தடவிப் பார்த்தேன், வழவழத்தது. தவறு சைக்கிளுடையது அன்று, என் கையுடையது.

கிரீஸ் என்பது என்ன?

எண்ணெயைச் சோப்பு போன்ற ஒரு பொருளில் பிடித்து வைத்திருப்பதே கிரீஸ். பஞ்சு நீரைத் தாங்குவது போல அந்தச் சோப்பு எண்ணெயைத் தாங்குகிறது; உராய்வு நேரும் இடத்தில் சிறிது சிறிதாக விடுகிறது. இன்று கடைகளில் பரவலாகக் கிடைப்பது லித்தியம் சோப்பினால் ஆன கிரீஸ். அதற்கு அமெரிக்காவில் 1942ஆம் ஆண்டு காப்புரிமை வழங்கப்பட்டது. அது நீரில் எளிதில் கரைந்து போகாது. ஆதலால் மழையிலும் சேற்றிலும் ஓடும் சைக்கிளுக்கு ஏற்றது.

எண்ணெய் வழிந்தோடும், கிரீஸ் இட்ட இடத்திலேயே நிற்கும். இதுதான் அதன் சிறப்பு. இதிலேயே அதன் தீங்கும் அடங்கியுள்ளது. வேண்டாத இடத்தில் பட்டாலும் அது அங்கேயே நின்று, தூசியையும் மணலையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். மணல் கலந்த கிரீஸ், உப்புத்தாளைப் போல் இரும்பை அறுக்கும்.

எங்கே இடலாம், எங்கே கூடாது?

குண்டுகள் சுழலும் இடங்களுக்கே கிரீஸ் உரியது. இரு சக்கரங்களின் குடங்கள், பெடல்கள், பெடல் தண்டு சுழலும் அச்சு, ஹேண்டில்பாரின் கழுத்து ஆகியவை அவை. சீட்டுத் தண்டில் மெல்லியதாகத் தடவினால் துருப்பிடித்து இறுகாது.

செயினுக்குக் கிரீஸ் வேண்டாம். அது கண்ணிகளின் உள்ளே செல்லாது. வெளியே நின்று புழுதியைத்தான் திரட்டும். கண்ணிக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, மிகுதியைத் துடைத்தால் போதும். ஃபிரீவீலிலும் அவ்வாறே. அதன் உள்ளிருக்கும் சிறு பற்களைக் கிரீஸ் ஒட்டிப் பிடித்துக்கொண்டால் பெடல் வெறுமனே சுழலும். ரிம்மும் பிரேக் கட்டையும் கிரீஸின் நிழல்கூடப் படக்கூடாத இடங்கள்.

சுத்தமாக இடும் முறை

முதலில் முன்சக்கரத்தோடு தொடங்குங்கள்; அதுவே எளிது. பழைய லுங்கியை உடுத்துக்கொள்ளுங்கள். தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் விளிம்புள்ள ஒரு பழைய தட்டை வையுங்கள். உலர்ந்த சோப்புக் கட்டியை நகங்களால் சுரண்டுங்கள். நகக்கண்ணில் சோப்பு நிறைந்துவிட்டால் கிரீஸ் அங்கே புகாது. பிறகு கழுவும்போது சோப்பும் அழுக்கும் சேர்ந்தே வெளியேறும்.

கிரீஸை விரலால் அள்ளாதீர்கள். மருந்துக் கடையில் 10 மில்லி ஊசிக்குழல் ஒன்று வாங்கி, ஊசியை அகற்றி விடுங்கள். பின்தண்டை உருவி, ஐஸ் குச்சியால் கிரீஸை உள்ளே அடைத்துத் தண்டைச் செருகினால், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு நூல் போல் வரும். டப்பாவிலும் மணல் சேராது.

சக்கரத்தைக் கழற்றித் தட்டின்மேல் படுக்க வைத்து, ஒரு பக்கத்துக் கோனைத் திருகி எடுத்து அச்சை உருவுங்கள். விழும் குண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் முன்குடத்தில் பக்கத்திற்குப் பத்து இருக்கும். பழைய கிரீஸை முதலில் உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். பிறகே மண்ணெண்ணெயோ டீசலோ தோய்த்த பழைய பல்துலக்கியால் தேயுங்கள். ஈரம் முற்றும் உலர வேண்டும். இல்லையேல் அது புதிய கிரீஸை நீர்க்கச் செய்துவிடும். இவ்வேலையை அடுப்பங்கரைக்கு அருகில் செய்ய வேண்டாம். தேய்ந்து, புள்ளி விழுந்த குண்டுகளை மாற்றிவிடுங்கள்.

இப்போது கிண்ணத்தின் உட்புறம் ஒரு வளையமாகக் கிரீஸ் இடுங்கள். குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். பாதி அமிழ்ந்தால் போதும். மேலே இன்னொரு மெல்லிய வளையம். அவ்வளவே! குடத்தை நிறைத்தால் மிகுதி பிதுங்கி, சக்கரம் சுழலும் வேகத்தில் போக்ஸ் கம்பிகளின் வழியே ரிம்முக்கு ஊரும். நான் செய்த பிழை அதுவே.

அச்சைச் செருகிக் கோனை இறுக்குங்கள். சக்கரத்தைத் தூக்கி விட்டால் காற்றடைக்கும் வால்வின் கனத்தாலேயே அது மெல்லத் திரும்பி, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும். ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கொடுக்கக் கூடாது. பிதுங்கியதைத் துடைத்து, கையைக் கழுவிய பிறகே ரிம்மைத் தொடுங்கள். இறுதியாக ரிம்மைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்துங்கள். பிரேக் கட்டையில் கிரீஸ் பட்டிருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள். ஊறிப்போயிருந்தால் புதியது மாட்டுங்கள். வாசலிலேயே இருமுறை ஓட்டி, பிரேக்கைப் பிடித்துப் பாராமல் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

கைகளைக் கழுவும்போது

மண்ணெண்ணெயில் கை கழுவுவோர் பலர். அது தோலை வறட்டி எரிச்சல் உண்டாக்கும். சிறிது தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சோப்புடன் ஒரு சிட்டிகைச் சர்க்கரை சேர்த்துத் தேயுங்கள். ஒளூச் செய்யவிருப்போர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நீர் தோலைத் தொடாமல் தடுக்கும் கிரீஸ் படலம் நீங்கியாக வேண்டும். நிறம் மட்டும் தங்கினால் குற்றமில்லை. அழுக்குத் துணிகளைத் தாளில் பொதிந்து குப்பையில் சேருங்கள். மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

சென்ற மாதம் மீண்டும் அதே சைக்கிளைக் கழற்றினேன். இம்முறை ஊசிக்குழல் என் மகளின் கையில் இருந்தது. "வாப்பா, இவ்வளவு போதுமே!" என்று அவளே என்னைத் தடுத்தாள். பாலத்துச் சரிவில் இப்போது அவள் அஞ்சாமல் இறங்குகிறாள். அன்பர்களே, கிரீஸை அளவறிந்து, இடமறிந்து இடுங்கள். நாம் பூட்டிய சக்கரத்தை நம்பித்தான் நம் பிள்ளைகள் சாலையில் செல்கின்றனர்.