ஹெப்பகோடியில் ஒரு படம் தேறுமா?

வெள்ளிக்கிழமை வெளியான படத்துக்கு ஹெப்பகோடியில் சனிக்கிழமை காலைக்குள் தீர்ப்பு வந்துவிடும். பெங்களூரின் ஓசூர் ரோட்டில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் பயோகான் மருந்து நிறுவனம் இருக்கும் ஊர் இது. அடுத்து பொம்மசந்திரா தொழிற்பேட்டை. கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வந்தவர்கள், சித்தூர், அனந்தபூர்க்காரர்கள், ஒடிசா, அசாம் இளைஞர்கள், மண்ணின் மக்களான கன்னடர்கள் என எல்லோரும் ஷிஃப்ட் முடிந்து நிற்கிற இடம் பேக்கரி வாசல். பெங்களூரில் டீக்கடை என்றால் பெரும்பாலும் பேக்கரிதான். கையில் அரை டம்ளர் டீ. "படம் எப்படிண்ணா?" என்று ஒருவர் கேட்பார். "ஒருவாட்டி பாக்கலாம்பா. செகண்ட் ஹாஃப் இழுவை. பொண்டாட்டி புள்ளைங்கள கூட்டிட்டுப் போவாத" என்று பதில் வரும்.

இந்த மூன்று வாக்கியத்தில் ஒரு விமர்சனம் செய்ய வேண்டிய வேலை முக்கால்வாசி முடிந்துவிடுகிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். கேட்டவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. நாலு பேர் குடும்பம் மல்டிபிளெக்ஸுக்குப் போய் பாப்கார்னும் வாங்கினால் இரண்டு நாள் கூலி காலி. சொன்னவருக்கும் அது தெரியும், ஏனென்றால் நேற்று அவரும் அதே பணத்தைக் கொடுத்துத்தான் பார்த்தார். திங்கட்கிழமை இருவரும் ஒரே லைனில் நிற்கப்போகிறவர்கள். தப்பான படத்துக்கு அனுப்பிவைத்தால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஊரிலிருந்து தமிழ்நாட்டு எல்லை அதிக தூரமில்லை. அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசு வைத்த உச்சவரம்பு உண்டு. கர்நாடகத்தில் பெரிய படம் வந்தால் மல்டிபிளெக்ஸ் விலை ஏறிக்கொண்டே போகும். 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு, வரி நீங்கலாக 200 ரூபாய்க்கு மேல் டிக்கெட் விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்தச் சில நாட்களில் பேக்கரி வாசலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். 'சுமார்' என்று ஒருவர் சொல்லும் படம் 150 ரூபாய்க்குப் போகலாம். 500 ரூபாய்க்கு அதே 'சுமார்' பெரிய நஷ்டம். நட்சத்திரம் போட்டு மதிப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஏன் எடுத்துக்கொள்வதில்லை?

எல்லையைத் தாண்டுவது விலைக்காக மட்டுமல்ல. 2023 ஜனவரியில் 'துணிவு' வெளியான அன்று சென்னையில் ரசிகர் ஒருவர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றுபோயின. அந்த ஆண்டு அக்டோபரில் 'லியோ' வந்தபோது அங்கே முதல் காட்சி காலை ஒன்பது மணிக்கு. இங்கே விடியும் முன்பே திரை ஓடியது. அதனால் அந்தப் பக்கத்து இளைஞர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். 2025 ஜூனில் திசை மாறியது. 'தக் லைஃப்' படத்தின் பாடல் வெளியீட்டு விழாவில், தமிழிலிருந்து பிறந்தது கன்னடம் என்று கமல்ஹாசன் பேசியது பெரிய எதிர்ப்பைக் கிளப்ப, படம் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. பார்க்க வேண்டும் என்று துடித்தவர்கள் இங்கிருந்து ஓசூருக்குப் போனார்கள்.

உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சான்றிதழ் பெற்ற படத்தைத் திரையிட மாநில அரசு பாதுகாப்பு தர வேண்டும் என்று சொன்னபோது ஜூன் பாதி கடந்துவிட்டது. அதற்குள் ஓசூரில் பார்த்தவர்கள் திரும்பி வந்து, "அவ்ளோ தூரம் போயிருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். கடைசிவரை கர்நாடகத் தியேட்டர்களுக்கு அந்தப் படம் வரவில்லை. ஜூலை 3-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஒரு படம் நன்றாக இல்லை என்று சொல்லும் உரிமை பார்த்தவனுக்கு மட்டும்தான் இருக்க வேண்டும். இங்கே அந்த உரிமைக்காக ஒருவர் டோல்கேட் தாண்ட வேண்டியிருந்தது என்பது இன்றுவரை எனக்கு வருத்தம்.

பெங்களூர் ரசிகனிடம் வேறெங்கும் கிடைக்காத ஒரு தேர்ச்சி இருக்கிறது. பல பத்தாண்டுகள் வேற்றுமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப்பிங் செய்ய இங்கே திரைத்துறை அனுமதிக்கவில்லை. 2015-இல் இந்தியப் போட்டி ஆணையம் அந்தத் தடைக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. அதுவரை ரஜினியை ரஜினியின் குரலிலேயே, சிரஞ்சீவியை சிரஞ்சீவியின் குரலிலேயே கேட்டுப் பழகினார்கள். அதனால்தான் இங்கே ஒரு கன்னடக்காரர் தமிழ்ப் படத்தைப் பற்றிச் சொல்லும் அபிப்பிராயம் கூர்மையாக இருக்கிறது.

'கூலி' அதற்கு நல்ல உதாரணம். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரையிலான மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறக்கப்பட்டது. 'கூலி' வந்தது 14-ஆம் தேதி. அப்போது மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. ஆனாலும் சில்க் போர்டு நெரிசலில் சிக்காமல் நகரத்துக்குள் போய்ப் படம் பார்க்கலாம் என்பது இந்த ஊருக்குப் புதிய விஷயம். தமிழர்கள் ரஜினிக்காகப் போனார்கள், கன்னடர்கள் அதில் நடித்த கன்னட நடிகர் உபேந்திராவுக்காகவும் போனார்கள். திரும்பி வந்து தமிழர்கள் "தலைவர் இருக்காரு, கதைதான் இல்ல" என்றார்கள். கன்னட நண்பர்களோ கன்னட நடிகை ரச்சிதா ராமின் நடிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர் வரும் காட்சிகள்தான் படத்தின் உயிர் என்பது அவர்கள் கட்சி. நான் அவர்கள் பக்கம். படத்துக்கு என் மார்க் நூற்றுக்கு 41. 'ஏ' சான்றிதழ் என்பதால் குழந்தைகளோடு போக முடியாமல் ஏமாந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய.

நூற்றுக்கு மார்க் போடும் பழக்கம் எனக்கு ஆனந்த விகடனிலிருந்து வந்தது. 1977-இல் '16 வயதினிலே' படத்துக்கு விகடன் கொடுத்தது 62.5. அப்படி ஒரு படத்துக்கே அவ்வளவுதான் என்றால், 45 வாங்கிய படம் பார்க்கத் தகுந்தது என்று வாசகனுக்குப் புரிந்தது. கை இறுக்கமாக இருந்ததால் அந்த மார்க்குக்கு மதிப்பு இருந்தது. இன்று டிக்கெட் ஆப்பில் பத்துக்கு ஒன்பது என்று மின்னுகிறது. யார் கொடுத்தது, எத்தனை பேர் உண்மையில் படம் பார்த்தவர்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

அதற்காக வாயை மூடச் சொல்வது சரியாகாது. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியான பிறகு, தியேட்டர் வளாகத்தில் யூடியூபர்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்கக் கூடாது என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனமே கூடாது என்று நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இங்கே பெங்களூரில் தர்ஷனின் 'தி டெவில்' வந்தபோது, நீதிமன்ற உத்தரவின்படி புக்மைஷோவில் மதிப்பீடும் விமர்சனமும் மூடப்பட்டிருந்தன. காசு வாங்கிக்கொண்டு படத்தைக் கொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய அநியாயம், தயாரிப்பாளரின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் முதல் மூன்று நாளில் பணம் கொடுத்துப் பார்ப்பவனுக்குத்தான் எச்சரிக்கை அதிகம் தேவை. நான்காம் நாள் சொல்லி என்ன பயன்?

வாய்ப்பேச்சு ஒரு படத்தைக் கொல்லும் என்று பயப்படுகிறவர்கள் 'சு ஃப்ரம் சோ'வை நினைத்துப் பார்க்கட்டும். ஜே.பி. துமிநாட் இயக்கி, ராஜ் பி. ஷெட்டி தயாரிப்பில் 2025 ஜூலை 25-இல் வந்த கன்னடப் படம். கடற்கரைக் கிராமம், பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் ஓர் இளைஞன். பெரிய நட்சத்திரமோ விளம்பரமோ கிடையாது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே தியேட்டர்கள் நிறைந்தன. எங்கள் பேக்கரியில் தமிழர்களைக் கட்டாயப்படுத்தி அனுப்பியது ஒரு கன்னட டிரைவர்தான். கன்னடம் அரைகுறையாகத் தெரிந்தவர்களும் சிரித்துச் சிரித்துக் கண்ணீரோடு திரும்பினார்கள். சிரிப்புக்கு நடுவே ஒரு பெண்ணின் துயரத்தை அந்தப் படம் கொண்டுவந்து வைக்கும் இடம் அருமை. என் மார்க் 52.

'3பிஹெச்கே' பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. ஸ்ரீகணேஷ் இயக்கியது, சரத்குமாரும் சித்தார்த்தும் அப்பா மகன். வாடகை வீட்டில் வாழ்ந்துகொண்டே சொந்த வீட்டுக்குப் பணம் சேர்க்கிறார்கள். சேர்க்கச் சேர்க்க விலை முன்னால் ஓடுகிறது. சென்னையில் நடக்கிற கதை என்றாலும் ஓசூர் ரோட்டு அடுக்குமாடி விளம்பரப் பலகைகளுக்குக் கீழே பி.ஜி.யிலும் ஒற்றை அறையிலும் வாழ்பவர்களின் கதை அது. நகர விமர்சகர்கள் சிலர் 'சோகத்தைக் கொட்டுகிறார்கள்' என்று குறைப்பட்டார்கள். இங்கே ஒருவர், "எங்கப்பாவும் இப்படித்தாங்க நோட்டுல கணக்கு எழுதுவாரு" என்றதோடு நிறுத்திக்கொண்டார். நீளம் கூடுதல்தான், 47 தருவேன். அவரிடம் மார்க் கேட்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

'மெய்யழகன்' 2024 செப்டம்பரில் வந்தபோது நீளம் என்று புகார் வந்து, வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். பிறகு வீட்டில் பார்த்தவர்கள் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஊரை விட்டு வந்தவன் ஒரு ராத்திரிக்கு ஊருக்குப் போகிற கதைக்கு அவசரம் ஆகாது. அந்தப் படத்துக்கு நான் 55 போடுகிறேன், ஒரு நிமிடத்தைக்கூட வெட்டச் சொல்ல மாட்டேன். தருமபுரிக்குப் பண்டிகை பஸ் பிடிக்கும் என் பக்கத்து அறைக்காரரோ அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன் என்கிறார், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பார்த்தாராம். அடுத்த வார விடுமுறையில் பகலில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.