கரும்புகைக்குக் காரணம் டர்போதானா?

வேன் கரும்புகை கக்குகிறது. மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை. எஞ்சின் விளக்கும் எரிகிறது. பழைய டர்போ டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் தூக்கம் போய்விடும். ‘டர்போ போச்சு’ என்று பட்டறையில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். ஆனால், டர்போ நல்ல நிலையில் இருந்தும் இதே அறிகுறிகள் வரலாம். பம்பருக்குப் பின்னால் இருக்கும் இண்டர்கூலர் என்ற அலுமினியப் பெட்டியில் ஓட்டை விழுந்தாலும் இப்படித்தான் ஆகும்.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கும் எனக்கு, சென்ற பருவ விடுமுறையில் இதை நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. என் மாமா கோல சிலாங்கூர், பாசிர் பெனாம்பாங்கிலிருந்து கிள்ளான் பக்கத்துச் சந்தைகளுக்கு மீன் ஏற்றிச் செல்பவர். 15 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய 2.5 லிட்டர் டர்போ டீசல் வேன்தான் அவருடைய பிழைப்பு. வேன் ஒரு நாள் நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை. ஒரு பட்டறையில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, டர்போவை மாற்ற 3,200 ரிங்கிட் ஆகும் என்றார்கள். மகளின் கல்லூரிச் செலவுக்காக எடுத்து வைத்த பணத்தில்தான் மாமா கை வைக்க வேண்டியிருந்தது.

குறியீடு சொன்னது என்ன?

ஸ்கேன் கருவியில் வந்த குறியீடு பி0299. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்பதுதான் இதன் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அந்தக் குறியீடு சொல்லவில்லை. காய்ச்சல் இருப்பதைத் தெர்மாமீட்டர் காட்டும். அது டெங்கியா, சளிக்காய்ச்சலா என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். இதுவும் அப்படித்தான்.

காற்று போகும் வழியைத் தெரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பது புரிந்துவிடும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போ சுழன்று, வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்ற யோசனை இது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவதைப் போல, அழுத்தப்பட்ட காற்றும் சூடாகிறது. சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அதைக் குளிர்வித்து எஞ்சினுக்கு அனுப்புவதே இண்டர்கூலரின் வேலை.

படிவம் 4 இயற்பியலில் வரும் வாயு விதிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டர்போவிலிருந்து வரும் காற்று 127 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அது 400 கெல்வின். இண்டர்கூலர் அதை 60 டிகிரிக்கு, அதாவது 333 கெல்வினுக்குக் குறைக்கிறது. அழுத்தம் மாறாவிட்டால், 400ஐ 333ஆல் வகுக்க 1.2 வரும். அதே இடத்தில் சுமார் 20 விழுக்காடு அதிகக் காற்று அடங்குகிறது என்று பொருள். இண்டர்கூலரில் ஓட்டை விழுந்தால் டர்போ அழுத்தித் தரும் காற்றே வெளியே கசிந்துவிடும். டீசலுக்கு ஈடான காற்று இல்லாததால் அது முழுமையாக எரியாமல் கரும்புகையாக வெளியேறும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. புகையாகப் போவது காசுதான்.

சோப்பு நீரில் தெரிந்த உண்மை

என் அப்பாவின் நண்பர் ஒருவர் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். அந்த அங்கிளிடம் வேனைக் கொண்டுபோனோம். எஞ்சின் ஆறிய பிறகு, காற்றுக் குழாயைக் கழற்றி டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் மிக இலேசான அசைவு இருந்தது, அது இயல்பு. உள்ளும் புறமுமாக அசைவே இல்லை. இறக்கைகளில் கீறலும் இல்லை.

“அப்ப டர்போ நல்லாத்தான் இருக்காம்மா?” என்று மாமா கேட்டார்.

“இருங்க மாமா, இன்னொன்னையும் பார்த்துருவோம்” என்றேன்.

பம்பரைக் கழற்றி இண்டர்கூலரை வெளியே எடுத்தோம். துருப்பிடித்த போல்ட்டுகள் முறிந்துவிடாமல் இருக்க, முதல் நாள் இரவே அவற்றில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தார் அங்கிள். இண்டர்கூலரின் இரு வாய்களையும் இறுக அடைத்து, சுமார் 1 பார் அழுத்தத்தில் காற்றை ஏற்றி, சோப்பு நீர் தெளித்தோம். அடைப்பு பிய்த்துக்கொண்டு பறக்கக்கூடும் என்பதால் அதற்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. கீழ் மூலையில் நுரை பொங்கியது. அங்கே அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

அந்த மூலை மட்டும் ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் புதியதை மாட்டினால் அதுவும் அரித்துப்போகும். கடல் பெருக்கு அதிகமுள்ள நாட்களில் படகுத்துறைச் சாலையில் உப்புநீர் ஏறிவிடும். மாமாவின் வேன் அதில்தான் போய்வரும். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. அதுதான் அதன் கவசம். உப்பில் உள்ள குளோரைடு அந்தக் கவசத்தைத் துளைக்கிறது. அதோடு, அந்த மூலையில் எஃகுத் தாங்கி ஒன்று அலுமினியத்தை நேரடியாக உரசிக்கொண்டிருந்தது. இடையில் இருக்க வேண்டிய ரப்பர் எப்போதோ கரைந்து போயிருந்தது. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புநீரும் இருந்தால் அது ஒரு மின்கலம். அதில் வினைத்திறன் மிகுந்த அலுமினியம்தான் முதலில் அரிபடும். படிவம் 5 வேதியியலில் படிக்கும் பாடம் இது.

பசை போட்டு அடைக்கலாமா என்று மாமா கேட்டார். சூடும் அழுத்தமும் மாறி மாறி வரும் இடத்தில் பசை நிலைக்காது; சுற்றியுள்ள உலோகமும் மெலிந்துவிட்டது என்றார் அங்கிள். ஹாஃப்கட் கடையில் மலிவாகக் கிடைக்கும் பழையதிலும் இதே அரிப்பு இருக்கலாம் என்பதால், 650 ரிங்கிட்டுக்குப் புதியதே வாங்கினோம்.

அதை மாட்டுவதற்கு முன், குழாய்களில் தேங்கியிருந்த எண்ணெயைத் துடைத்தெடுத்தோம். இலேசான எண்ணெய்ப் பூச்சு இயல்பானதே. ஆனால் தேங்கிய எண்ணெயை டீசல் எஞ்சின் உறிஞ்சிவிட்டால் அதையே எரிபொருளாக்கிக் கட்டுப்பாடின்றிச் சுழலும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. பிறகு புதிய ஹோஸ், புதிய கிளிப், எஃகுத் தாங்கிக்கும் அலுமினியத்துக்கும் இடையே புதிய ரப்பர் ஆகியவற்றைப் பொருத்தினோம். அரை நாளில் வேலை முடிந்தது. குறியீட்டை அழித்துவிட்டு, மீன்பெட்டிகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். புகை இல்லை, இழுவை திரும்பியிருந்தது. அந்தக் குறியீடு இன்றுவரை மீண்டும் வரவில்லை. கல்லூரிப் பணத்தை மாமா தொடவே இல்லை.

உப்புநீரில் ஓடிவந்த நாளில், எஞ்சின் ஆறியதும் இண்டர்கூலரின் மேல் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவும்படி அங்கிள் சொல்லியிருக்கிறார். அழுத்தமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

மாணவ நண்பர்களே, ‘படிப்பு வராதவர்கள்தான் பட்டறைக்குப் போவார்கள்’ என்ற பேச்சு நம்மிடையே இன்னும் இருக்கிறது. இந்த ஒரு பழுதைக் கண்டுபிடிக்க இயற்பியலும் வேதியியலும் தேவைப்பட்டன. அவற்றோடு, பாகத்தை மாற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் பொறுமையும் தேவைப்பட்டது. உங்கள் வீட்டு வண்டி அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். ‘எதை மாற்ற வேண்டும்?’ என்று கேட்பதற்கு முன், ‘அது கெட்டுவிட்டது என்பது எப்படித் தெரிந்தது? ஏன் கெட்டது?’ என்று மரியாதையோடு கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.